வடக்கிலிருந்து கடிதம் எவருக்கும் கிடைக்கவில்லை

மேலே உள்ள வாக்கியத்தை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், மாதத்துக்கு ஒரு முறை, தட்டச்சில் அடித்துக் கையெழுத்திட்டேன். அது பொய் அல்ல. அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தலைமைக் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான் எழுதப்போகும் ஆட்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஆங்கிலமும் கணக்கும் தெரியும் என்ற தகுதியில் இளவயதிலேயே மலைக்கு வந்தவன். தோட்டத்து ஆட்கள் என்னைக் கிளாக்கரையா என்றார்கள். நான் அவர்களில் வயதில் மூத்தவர்களையும் 'நீ' என்றேன். அன்று அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துத் தபாலைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஆட்கள் குடியிருக்கும் லயத்து அறைகளுக்கு வீட்டிலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. இன்னார், இன்ன லயம், இன்ன தோட்டம் என்று எழுதினால் கடிதம் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு வரும். கீழே தபாற்கந்தோரில் பூட்டிய தோல் பை ஒன்றை எங்கள் ஆள் தோளில் போட்டுக்கொண்டு பதினொரு மணியளவில் ஏறி வருவார். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று தபாற்கந்தோரில், மற்றது என் மேசை இழுப்பறையில். நான் பையைத் திறந்து, தோட்டத்தை நடத்தும் துரையின் தபாலை ஒரு பக்கமும் ஆட்களின் தபாலை ஒரு பக்கமும் பிரித்து, மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கந்தோர் ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கொடுப்பேன். பட்டணத்தில் இருப்பவனுக்கு வாசல் வரை வந்து கொடுக்கப்படும் கடிதத்தைத் தோட்டத்து ஆள் ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்று கைநீட்டி வாங்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே நான் வாசித்தும் காட்டுவேன். அதைப் பெரிய உபகாரமாக அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

தொண்ணூற்றாறு என்று நினைக்கிறேன், வடக்கில் போர் நடந்த காலம். பாதுகாப்புத் தரப்பைச் சேர்ந்த ஓர் அதிகாரி ஒரு முற்பகலில் கந்தோருக்கு வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார், எங்கள் தோட்டத்துத் தூளின் வாசத்தைப் பாராட்டினார், என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். வடக்கிலிருந்து கடிதம் கிடைக்கப்பெறும் ஆட்களின் பெயர்களை மாதாமாதம் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும் என்றார். உத்தரவு இல்லை. கடிதம் இல்லை. சட்டத்தின் இலக்கம் எதையும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. துரையிடம் சொன்னபோது, கேட்டதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்றார்.

எழுத்தில் வந்த உத்தரவென்றால் மனிதன் குறைந்தபட்சம் அதைத் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். தேநீருக்கு நடுவே வந்த வேண்டுகோளை என்ன செய்வது? அதுவும் நான் யாழ்ப்பாணத்தவன். அவர் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தது வெறும் விசாரிப்புத்தான் என்று அன்று என்னால் நம்ப முடியவில்லை. இன்றும் நிச்சயமாகத் தெரியாது. சந்தேகத்திலேயே நம்மை வைத்திருந்தால் போதும், மிச்ச வேலையை நாமே செய்துவிடுவோம்.

பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுக் கொண்டுபோகப்பட்ட கதைகள் எங்கும் இருந்தன. ஆகவே பெயர் கொடுக்க மனம் வரவில்லை. பொய் எழுதவும் கை வரவில்லை. முப்பது வருடம் பதிவேடு எழுதிய கை அது. மழை பெய்யாத நாளில் மழைமானிப் பதிவில் ஒரு கோடு கூட்டி எழுதாத கை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி கிடைத்தது. கடிதம் கிடைக்கப்பெறும் ஆட்களைத்தானே கேட்கிறார்? கடிதத்தைக் கொடுக்காவிட்டால் எவருக்கும் கிடைக்கப்பெறாது. அறிக்கை உண்மையாக இருக்கும். யாரும் காட்டிக்கொடுக்கப்பட மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த அன்று நான் மிகவும் மகிழ்ந்தேன். என் கெட்டித்தனத்தால் ஒரு தோட்டத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

வடக்கிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு அதிகம் கடிதங்கள் வருவதில்லை. வந்தவை எல்லாமே ஒரே ஆளுக்குத்தான். பணிய லயத்தில், அதாவது ஓடைக்குப் பக்கத்தில் கீழே இருந்த லயத்தில், கணவனை இழந்த ஓர் அம்மா இருந்தார். கொழுந்து எடுப்பவர். அவருடைய ஒரே மகள், தோட்டத்துக்கு விறகு லொறியில் வந்துபோன ஒரு பையனுடன் போய்விட்டாள். பையனின் குடும்பம் எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியிருந்தது. மகளும் அந்தப் பக்கம்தான் போனாள். மகள் போன அன்று தாய், இனி என் வாசலை மிதிக்காதே என்று லயம் முழுவதும் கேட்கக் கத்தினாராம். அடுத்த மாதமே அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் மகள் எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறாள் என்று தெரியாது. மகள் எழுதினால்தான் உண்டு.

அந்த அம்மா வாரத்தில் இரண்டு நாளாவது ஜன்னலுக்கு வருவார்.

"கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா ஐயா?"

"இல்லை."

கொழுந்துக் கூடையோடு பின்னால் நிற்கும் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். "இந்த ஜன்னக் கட்டையில பாதி ஒன் கை பட்டே தேஞ்சிருச்சுக்கா. தொர ஒன்கிட்டத்தான் புதுக்கட்ட கேக்கப்போறாரு." அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் உள்ளே இருந்து சிரித்திருக்கிறேன். என் இழுப்பறையில் அவருடைய கடிதம் இருக்கும்போது சிரித்திருக்கிறேன்.

முதல் கடிதத்தைத் திறக்காமல்தான் வைத்தேன். பிறகு, ஆபத்தான விஷயம் ஏதாவது இருந்தால் கந்தோரில் வைத்திருப்பதே பிழையாகிவிடுமே என்று பயந்து, தேநீர்க் கேத்தலின் ஆவியில் காட்டித் திறந்தேன். அடுத்ததைத் திறக்கப் பயம் தேவைப்படவில்லை. கதை என்னவாயிற்று என்று அறியும் ஆசையே போதுமானதாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லாமாக ஒன்பது கடிதங்கள். ஒன்றையும் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. கிளாக்கரால் காகிதத்தைக் கிழிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் வந்த திகதியைக் குத்தி, துளைபோட்டு, ஒரு மட்டைக் கோப்பில் ஒழுங்காகக் கட்டிவைத்தேன்.

ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கவனித்தேன். உறைகளின் வாய் எனக்கு முன்பே ஒரு தடவை திறக்கப்பட்டிருந்தது. சோற்றுப் பருக்கையை மசித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே சில வரிகள் நீல மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருந்தன. மகளின் கையெழுத்து கறுப்பு மை. பொடியன்கள் என்று நாங்கள் சொன்ன இயக்கத்தின் ஆட்சி நடந்த அந்தப் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்து இந்தக் கடிதங்களை வாசித்திருக்கிறார். தன் இனத்தைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்திருப்பார். தன் தோட்டத்தைக் காப்பாற்றுவதாக நான் நினைத்தேன். இரண்டு அரசாங்கங்களும் ஒன்றையொன்று அழிப்பதற்கு எத்தனையோ பேரைக் கொன்றன. ஆனால் ஒரு மகள் தாய்க்கு எழுதிய கடிதத்தை இரண்டுமே முதலில் வாசிக்கவேண்டும் என்பதில் அவற்றுக்குள் ஒரு கருத்துவேறுபாடும் இருக்கவில்லை. ஆவியில் காட்டும் வேலைகூட எனக்குப் பாதி குறைந்தது. அவர் ஒட்டிய இடம் சுலபமாகப் பிரிந்தது.

அதே காலத்தில் கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைகளில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. சில நாட்களில் முதற்பக்கத்திலேயே வெள்ளைக் கட்டம் விட்டு அச்சடித்திருப்பார்கள். மாலையில் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைத் தட்டித்தட்டி நான் மனைவியிடம் கோபப்படுவேன். ஒரு நாட்டின் மக்கள் எதை அறியலாம் என்று தீர்மானிக்க இவர்கள் யார் என்பேன். ஆசிரியராக இருந்த என் மனைவி ஒரு நாள் கொப்பி திருத்திக்கொண்டே, "உங்களுக்கு மனசிலை வேறை என்னமோ கிடக்குது. பேப்பரோடை ஏன் சண்டை பிடிக்கிறியள்?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்துபோனேன்.

நான்காவது கடிதத்தில் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. அதில் இருந்த ஒரு வரி இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "பேரு நீதான் வைக்கணும்மா, வச்சு எழுது, அதுவரைக்கும் பாப்பான்னு கூப்பிடுறோம்." அடுத்த கடிதத்தில் பாப்பா உட்காருகிறாள். அதற்கடுத்ததில் நடக்கிறாள். இன்னும் பாப்பாதான். ஏழாவதில், கோபம் இன்னும் தீரவில்லையா என்று கேட்டிருந்தாள். எட்டாவதில் கேள்வி எதுவும் இல்லை, சுகம் மட்டும் எழுதியிருந்தாள். ஒன்பதாவது மிகச் சிறியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு நானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தது. அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. நான் அந்த அம்மாவிடம் 'இல்லை' என்று சொன்னது அதன்பின்தான் முதல்தடவையாக முழு உண்மை.

ஏன் அப்போதாவது கொடுக்கவில்லை என்று கேட்கலாம். கொடுத்தால் முந்தியவை எங்கே இருந்தன என்ற கேள்வி வரும். ஒவ்வொரு கடிதமும் அடுத்ததைக் கொடுப்பதை இன்னும் கடினமாக்கியது. முதலாவதைப் பிடித்துவைத்தது பயத்தால். மற்ற எட்டையும் பிடித்துவைத்தது முதலாவதைப் பிடித்துவைத்ததால்.

இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்தம் வந்தது. வடக்குக்கான பாதை திறக்கப்பட்டது. அந்த ஏப்ரலிலோ மேயிலோ வேறொரு வேலையாக ஓர் இளம் அதிகாரி கந்தோருக்கு வந்தபோது, என் மாத அறிக்கையை இனியும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். எந்த அறிக்கை என்றார். விளக்கினேன். முந்திய அதிகாரி மாற்றலாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது, அப்படியொன்று வருவதே தனக்குத் தெரியாது, எங்காவது ஒரு பெட்டியில் கிடக்கும் என்றார். சிரித்தார். பொல்லாத சிரிப்பு அல்ல. இரண்டு ஆண்டுகளாக யாரும் வாசிக்காத அறிக்கையை உண்மையாக வைத்திருப்பதற்காக நான் அந்தக் கோப்பை மூடிவைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கோப்பை எடுத்துக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்கினேன். கிளாக்கர்மார் லயத்துக்குப் போவதில்லை. ஆட்கள்தான் கந்தோருக்கு வருவார்கள். அத்தனை ஆண்டு வேலையில் நான் அந்த லயத்து வாசலில் நின்றது அன்றுதான். பிள்ளைகள் பின்னால் கூடிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு முக்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்காமல், இத்தனை கடிதம், இத்தனை வருடம், நான்தான், என்று சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"படிங்க," என்றார்.

பள்ளிக்கூட ஆசிரியை யாரையாவது வைத்து வாசித்துக்கொள்வது நல்லது, நான் வாசிப்பது சரியில்லை என்றேன்.

"நீங்கதான் ஏற்கெனவே படிச்சிட்டீங்களே. இன்னொரு ஆளு எதுக்குங்க படிக்கணும்? நீங்களே படிங்க."

முக்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை, திகதியோடு. அவர் அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அடிக்கப்பட்ட வரிகள் வந்தபோது நான் நிறுத்தினேன்.

"அந்த எடத்துல என்னங்க இருக்கு?"

"தெரியவில்லை. மையால் அடித்திருக்கிறது."

"நீங்க அடிச்சீங்களா?"

"இல்லை. அது அந்தப் பக்கத்தில் செய்தது."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அங்கயும் ஒங்கள மாதிரி ஒருத்தர வச்சிருக்காங்களா?"

நான் ஆம் என்றேன்.

பெயர் வைக்கச் சொன்ன கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கடைசிக் கடிதம் முடிந்ததும் குழந்தைக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று கேட்டார். பிறந்த கடிதத்தின் திகதியைப் பார்த்துக் கணக்கிட்டு, ஐந்து முடியப்போகிறது என்றேன். அடுத்த தையில் பள்ளிக்கூடம். அவர் எழுந்து கோப்பைக் கேட்டார். கயிற்றை அவிழ்த்து, கடிதங்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மட்டையை என்னிடமே திருப்பித் தந்தார். அப்போது நான், ஒரு பதில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"வேணாங்க. நான் போறேன்."

போவதும் லேசாக இருக்கவில்லை. அவரிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் அதற்கான விண்ணப்பத்தில் துரைதான் ஒப்பமிட வேண்டும். அவருடையது இரண்டு தடவை கந்தோரில் கிடந்து மங்கிப்போயிருந்தது. அதுவும் என் கந்தோர்தான். அட்டை இல்லாமல் வடக்குப் பாதையில் இராணுவத்தின் ஓமந்தைச் சாவடியில் விடமாட்டார்கள், அதைத் தாண்டினால் அந்தப் பக்கத்துச் சாவடியிலும் யார், எங்கே, எதற்கு என்று எழுதுவார்கள். ஆகவே படம் ஒட்டி, முத்திரை குத்தி, இவர் இன்ன தோட்டத்தில் இத்தனை ஆண்டாக வேலை செய்கிறவர் என்று நான் ஒரு கடிதம் தயாரித்து, துரையிடம் ஒப்பம் வாங்கி, ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"எம் மகளப் பாக்க நான் போறதுக்கு ஒங்க கடுதாசி வேணுமாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் படித்தவன், அரசியல் புத்தகங்கள் வாசித்தவன். வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அதுவரை கொழும்பைக் காட்டியிருப்பேன். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்ற அவருக்கு அது உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான். எங்கள் தோட்டத்தில் போருக்காக ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு சாவி, ஒரு கேத்தல், யாரும் கேள்வி கேட்காத ஒரு கிளாக்கர், இவ்வளவுதான் அங்கே போர்.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கமாக மலைக்குப் போனவரை நானே கூப்பிட்டேன். முதல்தடவையாக 'நீங்கள்' என்றேன்.

"போய் வந்துவிட்டீர்களா?"

"வந்தாச்சுங்க."

"மகள் சுகமாக இருக்கிறாளா?"

"இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. இத்தனை நாளும் அந்தக் குடும்பத்தின் கதையை ஆவியில் காட்டிப் படித்த பழக்கம். மகள் என்ன சொன்னாள், என்னைப் பற்றி அவளிடம் சொன்னீர்களா, குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அவர் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டார்.

"அதெல்லாம் ஒங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும்?"

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு மலைக்கு ஏறினார். என்னைப் பற்றித் துரையிடமோ தொழிற்சங்கத்திடமோ அவர் முறையிடவில்லை. ஏன் என்று தெரியாது. அதையும் கேட்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் பையில் கடிதம் வரவே இல்லை. பதுளைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை முகவரியை மகளுக்குக் கொடுத்திருக்கிறார் என்று தற்செயலாக அறிந்தேன். நான் சாமான் வாங்கப் போயிருந்த ஒரு நாள் கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதைத் திருப்பி, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கண்டார். உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். யார் அவருக்கு வாசித்துக் காட்டினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாயிரத்து நான்கில் ஓய்வுபெற்று பதுளையிலேயே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னது அங்கேதான். அவள் கேட்டுவிட்டு, அன்று முதல் எனக்கு வரும் கடிதங்களை மேசையில் வைக்காமல் என் கையிலேயே கொண்டுவந்து தருகிறாள். எங்கள் பிள்ளைகளின் கடிதம் என்றால்கூட, நான் திறக்கும்வரை காத்திருப்பாள்.

போர் மறுபடியும் தொடங்குவதற்கு முன்பே அந்த மகளும் குடும்பமும் மலைக்கே திரும்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் பின்னால் நடந்ததை எண்ணும்போது அந்தச் செய்தி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதிக்காட்ட முடியாது. ஆனால் அந்த ஆறுதலில் எனக்குப் பங்கில்லை.

ஒரு மாலை பதுளை பஸ் நிலையத்தில் அந்த அம்மாவைக் கண்டேன். முதுகு சற்றுக் கூனியிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, தோளில் புத்தகப் பையோடு நின்றாள். தன் தாயின் கறுப்பு மைக் கடிதங்களில் உட்கார்ந்து, எழுந்து, நடந்த பிள்ளை. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிறுமி யார் இவர் என்று கேட்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

பாடசாலைக்குப் போகிறாள் என்றால் ஏதோ ஓர் இடாப்பில் அவள் பெயர் இருக்கும். அது என்ன, யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.